பகையில்லாத பயம்: பிரபஞ்ச அச்சக் கதைகளை எங்கே தேடுவது?

நேயர்களே, இன்றைய உரையை ஒரு கடிதத்துடன் ஆரம்பிக்க விரும்புகிறேன். கடிதத்தை எழுதியவர் கிழக்கிலங்கையின் கரையோரக் கிராமம் ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை. தமிழில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் தேடிப் படிப்பவர் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் எழுதுகிறார்:

"ஐயா, 'கொஸ்மிக் ஹொரர்' என்று ஒரு புனைகதை வகை உண்டென்று கேள்விப்பட்டுச் சில படங்களைத் தேடிப் பார்த்தேன். பல கைகால்கள் கொண்ட பிராணிகள் கடலிலிருந்து எழும்பி வந்து ஆட்களை விழுங்கின. அருவருப்பாக இருந்ததே தவிரப் பயம் வரவில்லை. இவ்வளவுதானா இந்த வகை? நல்லவை இருந்தால் எவற்றைப் படிக்கலாம், எவற்றைப் பார்க்கலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். 2004 ஆம் ஆண்டு கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் கண்டவள் நான். 'நாங்கள் என்ன பாவம் செய்தோம்' என்று அழுத தாய்மாரையும் கண்டவள். எங்களுக்கு இப்படியான கதைகள் எதற்கு?"

இரண்டு கேள்விகள். முதலாவதற்குப் பதில் சொல்வது இலகு. இரண்டாவது அப்படியல்ல. முதலாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இரண்டாவதை அணுகிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 'கொஸ்மிக் ஹொரர்' என்பதைப் 'பிரபஞ்ச அச்சம்' என்று நான் தமிழாக்கிக்கொள்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல்லை நேயர்கள் தந்தால் ஏற்றுக்கொள்வேன். பேய்க் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பேய்க்கு நம்மைத் தெரியும். அதற்கு ஒரு முறைப்பாடு உண்டு, ஒரு ஆசை உண்டு, அல்லது தீர்க்கப்படாத ஒரு கணக்கு உண்டு. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்த அந்தப் பெண் யார், எதற்காக வந்தாள் என்பது விளங்காவிட்டாலும், அவளுடைய நாட்டம் அந்த வீட்டு மனிதர்கள் மீது இருக்கிறது என்பதில் ஐயமில்லை. பேய்க் கதைகளின் உலகில் மனிதன் முக்கியமானவன். அவனைத் தேடி ஏதோவொன்று வருகிறது. மந்திரமோ, பிரார்த்தனையோ, பரிகாரமோ அதைத் திருப்பி அனுப்பக்கூடும்.

பிரபஞ்ச அச்சக் கதைகளில் இந்த முக்கியத்துவம் பறிபோகிறது. அங்கே வருவதற்கு நம்மீது பகை இல்லை. நம்மைப் பற்றிய எண்ணமே அதற்கு இல்லை. வண்டிச் சக்கரத்தின் கீழ் அகப்பட்ட எறும்பின் மீது வண்டிக்காரனுக்கு என்ன கோபம்? எறும்பின் பக்கத்திலிருந்து அந்தச் சம்பவத்தை எழுதினால் எப்படி இருக்குமோ, அதுவே இந்த இலக்கிய வகை எனலாம்.

இப்படியொரு எண்ணம் மேற்குலகில் தோன்றியதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் அல்ல என்று புவியியலாளர் கூறினர். 1859 இல் டார்வினின் நூல் வந்தது. 1895 இல் வெளியான எச். ஜி. வெல்ஸின் 'த டைம் மெஷின்' நாவலில், கால யந்திரத்தில் வெகுதூரம் செல்லும் பயணி, மனித இனம் மறைந்துபோன எதிர்காலத்தில், மங்கிச் சிவந்த சூரியனின் கீழ் ஒரு கடற்கரையில் தனியே நிற்கிறான். 1920களின் நடுப்பகுதியில் வானியலாளர் எட்வின் ஹபிள், அன்ட்ரோமிடா என்பது நமது பால்வீதிக்கு வெளியேயுள்ள தனியொரு நட்சத்திர மண்டலம் என்பதை எடுத்துக்காட்டினார். வானம் திடீரென அளவு கடந்து பெருத்தது. மனிதன் அந்த அளவுக்குச் சிறுத்தான். சிலருக்கு இது வியப்பு. வேறு சிலருக்கு இது நித்திரை கெடுக்கும் செய்தி. அந்த இரண்டாவது கூட்டத்தாரே நாம் இன்று பேசும் எழுத்தாளர்கள்.

ஆசிரியைக்கு நான் முதலில் சிபார்சு செய்வது ஒரு குறுநாவலை. ஆங்கில எழுத்தாளர் அல்ஜர்னன் பிளக்வூட் 1907 இல் வெளியிட்ட 'த வில்லோஸ்'. வில்லோ என்பது ஆற்றோரங்களில் பற்றையாக வளரும் ஒரு மரவகை. பிளக்வூட் தாமே தன்யூப் நதியில் ஓடம் செலுத்திப் பயணம் செய்தவர். பிற்காலத்தில் பி.பி.சி. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அமானுஷ்யக் கதைகளைச் சொல்லிப் புகழ்பெற்றவர். வானொலியில் பேசும் எனக்கு அவர்மீது தனியொரு பிரியம் இருப்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

கதை எளிமையானது. இரு நண்பர்கள் வெள்ளக் காலத்தில் தன்யூப் வழியே ஓடத்தில் வருகிறார்கள். ஆள்நடமாட்டமற்ற சதுப்புப் பகுதியில், வில்லோப் பற்றைகள் மண்டிய ஒரு மணல் தீவில் கூடாரம் அடிக்கிறார்கள். வெள்ளம் தீவைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு துடுப்பைக் காணவில்லை. ஓடத்தின் அடியில் ஒரு கீறல். மணலில் புனல் வடிவில் சிறு குழிகள். காற்றில் சேகண்டி அடிப்பதுபோல் இடையறாத ஓர் ஒலி. பற்றைகள் இரவில் கூடாரத்தை நெருங்கி வந்துவிட்டனவோ என்ற ஐயம். இவ்வளவுதான். பற்களோ நகங்களோ எங்கும் இல்லை. தாங்கள் வரக்கூடாத ஓர் இடத்துக்கு வந்துவிட்டோம், இங்குள்ளவற்றுக்கும் மனித குலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, அவற்றின் கவனத்தில் படாமல் இருப்பதே தப்பும் வழி என்ற முடிவுக்கு நண்பர்களில் ஒருவர் வருகிறார். அவற்றைப் பற்றி நினைப்பதே அவற்றை அழைப்பதாகிவிடும் என்று அவர் அஞ்சுகிறார். நினைக்காதே என்று ஒருவருக்குச் சொன்னால் அவர் வேறு எதைத்தான் நினைப்பார்? வாசகனும் அந்த வலையில் விழுந்துவிடுகிறான்.

அடுத்து, இந்த வகைக்குப் பெயரும் உருவமும் கொடுத்தவர் என்று கருதப்படும் அமெரிக்கர் எச். பி. லவ்கிராஃப்ற். 1890 இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் புரொவிடன்ஸ் நகரில் பிறந்தார். அவருக்கு மூன்று வயது நிறைவதற்கு முன்பே தந்தை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிற்காலத்தில் தாயும் அதே மருத்துவமனைக்குச் சென்று, அங்கேயே 1921 இல் இறந்தார். சிறுவயதிலேயே வானியலில் மோகம் கொண்டு, பதின்ம வயதில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு வானியல் பத்தி எழுதியவர் அவர். 'வியேர்ட் ரேல்ஸ்' போன்ற மலிவுத்தாள் சஞ்சிகைகளில் கதைகள் எழுதி, பெரும்பாலும் வறுமையில் வாழ்ந்து, 1937 இல் தமது 46 ஆவது வயதில் புற்றுநோயால் காலமானார். வாழும் காலத்தில் நூலாக வெளிவந்த அவரது கதை ஒன்றே ஒன்றுதான். அவர் மறைந்தபின், 1939 இல், ஓகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வோன்ட்ரே என்ற இரு நண்பர்கள் அவரது கதைகளை நூலாக்குவதற்கென்றே ஒரு பதிப்பகத்தை நிறுவினார்கள். அந்த நட்பு இல்லையேல் அவரது பெயர் பழைய சஞ்சிகைகளோடு உக்கிப் போயிருக்கும்.

லவ்கிராஃப்றைத் தொடங்குபவர்கள் வழக்கமாக 'த கோல் ஒஃப் கதுல்ஹூ'வில் தொடங்குவார்கள். 1928 இல் அச்சான அந்தக் கதையில்தான் ஆசிரியை குறிப்பிடும் பல கைகால்கள் கொண்ட கடற்பிராணியின் மூலம் இருக்கிறது. அக்கதையின் சிறப்பு பிராணியில் இல்லை என்பதே என் அபிப்பிராயம். இறந்த ஒரு பேராசிரியரின் காகிதங்கள், ஒரு சிற்பியின் கனவு, ஒரு பொலிஸ் அதிகாரியின் அனுபவம், ஒரு நோர்வே மாலுமியின் குறிப்பு என்று தொடர்பற்ற துண்டுகள் மெல்ல ஒன்றுசேர்வதில்தான் அதன் அச்சம் இருக்கிறது. பின்வந்தவர்கள் துண்டுகளை விட்டுவிட்டுப் பிராணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அது பொம்மையாகவும் சட்டைப் படமாகவும் மாறியது. ஆசிரியை பார்த்த படங்கள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை என்று ஊகிக்கிறேன்.

ஆகவே, வேறொரு கதையில் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'த கலர் அவுட் ஒஃப் ஸ்பேஸ்'. 'விண்வெளியிலிருந்து வந்த வண்ணம்' எனலாம். 1927 செப்டெம்பரில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது. இதற்காக அவருக்குக் கிடைத்த சன்மானம் 25 டொலர். 2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் ஓர் இரவு, விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கதையை நான் மீண்டும் படித்தேன். படித்து முடித்தபின் கிணற்றடிக்குப் போகத் தயங்கினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

நாஹும் கார்ட்னர் என்ற விவசாயியின் வளவில், கிணற்றுக்கு அருகே, ஒரு விண்கல் விழுகிறது. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து துண்டெடுத்துச் செல்கிறார்கள். கல் ஆறுவதில்லை. நாளுக்கு நாள் சுருங்குகிறது. அதனுள்ளே ஒரு குமிழி இருக்கிறது. அதன் வண்ணம் மனிதர் அறிந்த எந்த வண்ணமும் அல்ல. வேறு சொல் இல்லாததால்தான் அதை வண்ணம் என்கிறார்கள். குமிழி உடைகிறது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு புயல் இரவில் கல்லின்மீது மின்னல் மீண்டும் மீண்டும் விழ, கல் மறைந்துபோகிறது. விஞ்ஞானிகள் போய்விடுகிறார்கள். குடும்பம் மிஞ்சுகிறது.

அந்த வருடம் பழங்கள் என்றுமில்லாதவாறு பருத்துக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. பிறகு செடிகள் இரவில் ஒளிர்கின்றன. பிறகு எல்லாம் சாம்பல் நிறமாகிப் பொடியாக உதிர்கின்றன. மாடுகளுக்கும் அதே கதி. மனைவிக்குச் சித்தம் கலங்க, அவளை மேல்மாடி அறையில் பூட்டி வைக்கிறான் கணவன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இல்லாமற் போகிறார்கள். கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று அயலவன் எச்சரித்தும், அந்தக் குடும்பம் அதையே தொடர்ந்து குடிக்கிறது. ஊரைவிட்டுப் போகலாமே என்று நாம் மனதுக்குள் கத்துகிறோம். அவர்கள் போகவில்லை. போகும் மனத்தையே அது உறிஞ்சிவிட்டது போலும்.

கதையின் நடுவே ஓர் இடம் இருக்கிறது. இது ஏதோ தண்டனையாக இருக்க வேண்டும் என்று நாஹும் எண்ணுகிறான். ஆனால், தான் அறிந்த வரையில் கடவுள் வழி தவறாமல் நடந்திருக்கிறான். எதற்கான தண்டனை என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆசிரியையின் கடிதத்தில் உள்ள தாய்மாரின் கேள்வியும் இதுவேதான். இந்த இடத்துக்குப் பின்னர் திரும்பி வருவேன்.

இந்தக் கதையில் வில்லன் இல்லை. அந்த வண்ணம் தீயதா, உயிருள்ளதா, இந்த மண்ணில் அதற்கு என்ன வேலை என்பது எவருக்கும் தெரியாது. இறுதியில் அது வானத்துக்குப் போய்விடுகிறது. முழுவதும் போகவில்லை. பாழடைந்த அந்த நிலத்தை மூடி ஒரு நீர்த்தேக்கம் கட்டப்படவிருக்கிறது. அதன் நீரை நகரம் குடிக்கப்போகிறது. நமக்குக் கதையைச் சொல்லும் நில அளவையாளர், தாம் அந்த நீரைக் குடிக்கமாட்டேன் என்கிறார். நிலத்தடி நீரில் நஞ்சு கலப்பதைப் பற்றியும் கதிரியக்கத்தைப் பற்றியும் இன்று நாம் அறிந்தவற்றுடன் படிக்கையில், 1927 ஆம் ஆண்டின் இந்தக் கதை பழையதாகத் தோன்றவில்லை.

இதற்குப் பின் 'த ஷடோ ஓவர் இன்ஸ்மவுத்', 'அற் த மவுன்ரின்ஸ் ஒஃப் மட்னஸ்' ஆகியவற்றுக்குப் போகலாம். இரண்டாவது, அந்தாட்டிக்காவில் மனிதனுக்கு முந்திய ஒரு நாகரிகத்தின் இடிபாடுகளைக் கண்டடையும் ஆய்வுக்குழு பற்றியது. 1931 இல் எழுதப்பட்டு, ஒரு முறை நிராகரிக்கப்பட்டு, 1936 இல்தான் அச்சானது.

லவ்கிராஃப்றின் குறைகளையும் சொல்லவேண்டும். அடைமொழிகளை அள்ளிக் கொட்டுவார். 'சொல்லவொண்ணாதது' என்று சொல்லிவிட்டுப் பத்துப் பக்கம் சொல்லுவார். பெண் பாத்திரங்கள் அரிது. உரையாடல் அவருக்குக் கைவராது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்றும் உண்டு. அவர் கடுமையான இனவெறியர். கறுப்பின மக்களைப் பற்றியும் குடியேறிய ஏழை மக்களைப் பற்றியும் அவரது கடிதங்களில் உள்ளவை வாசிக்கக் கூசுபவை. 1920களில் நியூயோர்க்கில் வாழ்ந்தபோது எழுதிய 'த ஹொரர் அற் ரெட் ஹுக்' என்ற கதையில் அந்த வெறுப்பே கதைப்பொருளாகிவிட்டது. அவரது தலை உருவில் அமைந்திருந்த உலக மிகுபுனைவு விருதின் சின்னம், எழுத்தாளர்களின் எதிர்ப்பையடுத்து 2015 ஆம் ஆண்டுடன் கைவிடப்பட்டது.

அந்த ரெட் ஹுக் வீதிகளில் நானோ, கடிதம் எழுதிய ஆசிரியையோ நடந்திருந்தால், அவரது கண்ணுக்கு நாமும் பயங்கரத்தின் ஒரு பகுதியாகவே தெரிந்திருப்போம். அப்படியானால் அவரை ஏன் படிக்க வேண்டும்? எனக்குத் தோன்றுவது இது. அவரது சிறந்த கதைகள் அவரது வெறுப்பைத் தோற்கடிக்கின்றன. பிரபஞ்சத்தின் முன் மனிதன் ஒரு தூசு என்றால், தூசுகளில் உயர்ந்த தூசு எது, தாழ்ந்த தூசு எது? தமது தத்துவத்தை இறுதிவரை பின்தொடர்ந்திருந்தால் அவரது இனப்பெருமை பொடியாகியிருக்கும். அவர் பின்தொடரவில்லை. வேறொருவர் பின்தொடர்ந்தார்.

அவர் விக்டர் லவால் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர். 2016 இல் வெளியான அவரது 'த பலட் ஒஃப் பிளக் ரொம்' என்ற குறுநாவல், அதே ரெட் ஹுக் கதையை ஹார்லெமில் வாழும் ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பிச் சொல்கிறது. மனிதரின் பகையை நாளாந்தம் அனுபவித்த ஒருவனுக்குப் பிரபஞ்சத்தின் அலட்சியம் அவ்வளவு பயங்கரமானதா என்ற கேள்வியை அந்த நூல் எழுப்புகிறது. நமது நாட்டில் கடந்த தசாப்தங்களில் வாழ்ந்த எவருக்கும் இந்தக் கேள்வியை விளக்கிக் கூறத் தேவையில்லை. இந்த வகையில் அண்மைக்காலத்தில் நான் படித்தவற்றில் முதலிடம் இதற்கே தருவேன். 'ரெட் ஹுக்' கதையைப் படித்தபின் இதைப் படிப்பது நல்லது.

நம் நாட்டுடன் தொடர்புடைய ஒரு தகவலையும் இங்கு சேர்த்துக்கொள்கிறேன். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க், தமது இளமையில், 1940 இல், லவ்கிராஃப்றின் அந்தாட்டிக்கா நாவலைக் கேலிசெய்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். கேலி செய்தவர் அந்தக் கருவை மறந்துவிடவில்லை. 1973 இல் வெளியான அவரது 'ரொன்டேவூ வித் ராமா' நாவலில், பிரமாண்டமான அந்நியக் கலம் ஒன்று நமது சூரிய மண்டலத்துக்குள் வருகிறது. மனிதர்கள் உள்ளே சென்று பார்க்கிறார்கள். கலம் சூரியனருகே தன் தேவையை முடித்துக்கொண்டு தன் வழியே போய்விடுகிறது. மனிதர்களை அது கவனித்ததாகவே தெரியவில்லை. லவ்கிராஃப்ற் எழுதியிருந்தால் இது பயங்கரக் கதை. கிளார்க்கின் கையில் இது வியப்பின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், பிரபஞ்சத்தின் மௌனம் ஒன்றே என்பதும், அதைக் கேட்கும் மனங்களே வேறுபடுகின்றன என்பதும் தெளிவாகும்.

இனித் திரைப்படங்கள். இங்கே ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. எழுத்தாளன் 'விவரிக்க முடியாதது' என்று எழுதிவிட்டுத் தப்பிக்கொள்ளலாம். கமெராவோ எதையாவது காட்டியே ஆகவேண்டும். காட்டியவுடன் அது அளவுக்குள் அடங்கிவிடுகிறது. மனிதர் அறியாத வண்ணத்தை எப்படிப் படம்பிடிப்பது? 'விண்வெளியிலிருந்து வந்த வண்ணம்' கதையை 2010 இல் ஜெர்மனியில் படமாக்கிய ஹுவான் வூ ஓர் எளிய வழியைக் கண்டார். படம் முழுவதும் கறுப்பு வெள்ளை. அந்த ஒன்று மட்டும் வண்ணம். 'டி ஃபார்பே' என்ற அந்தப் படம் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டதல்ல. ஆயினும், 2019 இல் நிக்கலஸ் கேஜ் நடித்து வெளிவந்த ஆங்கிலப் படத்தைவிட இதுவே மூலத்தின் ஆன்மாவுக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு. 'கதுல்ஹூ' கதையையும் 2005 இல் ஓர் ஆர்வலர் குழுவினர் பழைய மௌனப் படப் பாணியிலேயே எடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அந்தப் படத்தை விருப்பத்துடன் பார்க்கலாம்.

ஜோன் கார்ப்பென்ரர் நெறிப்படுத்திய 'த திங்' (1982) இந்த வகையின் தலைசிறந்த படங்களுள் ஒன்று. ஜோன் டபிள்யூ. கம்பெல் 1938 இல் எழுதிய கதையைத் தழுவியது. அந்தாட்டிக்கா ஆய்வு நிலையம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்கள். பனியில் புதையுண்டிருந்த ஒன்று விழித்தெழுந்து, தான் தொடும் உயிரைப் போலவே உருமாறிக்கொள்கிறது. அருவருப்பான காட்சிகள் பல உள்ளன என்பதை முற்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவற்றைவிட, பக்கத்தில் இருப்பவர் நம்மவரா அல்லரா என்ற ஐயமே மனதை உலுக்குகிறது. வெளிவந்த காலத்தில் பெரும்பாலான விமர்சகர்கள் இதைக் கண்டித்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் திரைக்கு வந்திருந்த ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' படத்தின் அன்பான வேற்றுக்கிரகவாசியையே மக்கள் விரும்பினார்கள். இன்று மதிப்பீடு முற்றிலும் மாறியிருக்கிறது.

இரத்தம் காண விரும்பாதவர்களுக்கு ரஷ்ய நெறியாளர் தார்க்கோவ்ஸ்கியின் இரு படங்கள் உண்டு. ஸ்டனிஸ்லாவ் லெம்மின் 1961 ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய 'சொலாரிஸ்' (1972), ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் நாவலைத் தழுவிய 'ஸ்ரோக்கர்' (1979). மூல நாவல்களையும் தவறவிடக் கூடாது. லெம்மின் நாவலில் ஒரு கிரகத்தை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர். தலைமுறை தலைமுறையாக விஞ்ஞானிகள் அதை ஆராய்கிறார்கள். அது என்ன நினைக்கிறது என்பதை அறிய முடியவில்லை. ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்களின் நாவலில், அந்நியர்கள் வந்து போய்விட்டார்கள். வழியோரத்தில் உண்டு களித்துவிட்டுக் குப்பையை விட்டுச் செல்வதுபோல் எதையோ விட்டுச் சென்றிருக்கிறார்கள். அந்தக் குப்பையில் அகப்பட்டு மனிதர்கள் சாகிறார்கள். எறும்புப் பார்வைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அண்மைக்காலப் படங்களில் அலெக்ஸ் கார்லண்டின் 'அனைஹிலேஷன்' (2018) குறிப்பிடத்தக்கது. ஜெஃப் வண்டர்மியர் 2014 இல் எழுதிய நாவலைத் தழுவியது. விண்ணிலிருந்து விழுந்த ஒன்றினால் மாறிவரும் ஒரு பிரதேசத்துக்குள் ஐந்து பெண்கள் செல்கிறார்கள். பெண்களே இல்லாத லவ்கிராஃப்றின் உலகுக்கு இது ஒரு நல்ல பதில். சித்திரக்கதை படிப்பவர்கள் யப்பானியர் ஜுன்ஜி இற்றோவின் 'உசுமாகி'யைத் தேடலாம். ஒரு சிற்றூர் முழுவதும் சுருள் வடிவத்தால் பீடிக்கப்படுகிறது. சுருள் என்பது வெறும் வடிவந்தானே, அதற்கு எப்படிப் பகை இருக்கும்? அதில்தான் அச்சம் இருக்கிறது.

பட்டியல் நீண்டுவிட்டது. கடைகளிலும் இணையத்திலும் இந்தப் பெயரில் வருபவை ஏராளம். நல்லதைத் தெரிவுசெய்ய நான் கைக்கொள்ளும் மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். ஒன்று: அந்த ஆபத்து மனிதனை வெறுக்கிறதா? வெறுத்தால் அது பேய்க் கதை, அல்லது போர்க் கதை. இரண்டு: பிராணியை நீக்கிவிட்டால் கதையில் ஏதாவது மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் நேரத்தை வீணாக்க வேண்டாம். மூன்று: அதில் நாம் அக்கறைகொள்ளத்தக்க மனிதர்கள் இருக்கிறார்களா? பிரபஞ்சம் அலட்சியமாக இருக்கலாம். கதாசிரியர் அலட்சியமாக இருக்கக்கூடாது. லவ்கிராஃப்ற் இந்த மூன்றாவது பரீட்சையில் பல தடவை தவறியவர். நாஹும் குடும்பத்தின் கதையில் சித்தியடைந்தார்.

நூல்களைப் பெறுவதில் பெரிய சிரமம் இல்லை. லவ்கிராஃப்ற், பிளக்வூட் இருவரும் மறைந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 'த வில்லோஸ்' உள்ளிட்ட பழைய நூல்கள் கூட்டன்பேர்க் திட்டத்தின் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கண்பார்வை குறைந்தவர்கள் லிப்ரிவொக்ஸ் தளத்தில் ஒலி வடிவில் கேட்கலாம். இந்த வகைக்கு ஒலியே பொருத்தமானது என்றும் சொல்வேன். வானொலிக்குக் கமெராவின் சிக்கல் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. கடலைக் கண்டவர்களுக்கு இந்தக் கதைகள் எதற்கு?

பிரமாண்டத்தின் முன் மனிதன் நடுங்கியது புதிய விடயமல்ல. பகவத்கீதையின் பதினோராவது அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் கண்ட அர்ச்சுனன் அஞ்சுகிறான். பழகிய உருவத்துக்குத் திரும்பும்படி மன்றாடுகிறான். கண்ணனும் திரும்புகிறான். நண்பனின் முகம் மீண்டும் தெரிகிறது. நமது மரபில் பேரச்சத்தின் மறுபுறத்தில் ஒரு முகம் இருக்கிறது. பிரபஞ்ச அச்சக் கதைகளில் அந்த முகம் இல்லை. நம்பிக்கை உள்ளவர்களின் நம்பிக்கையைக் குலைப்பது என் நோக்கமல்ல. முகம் இல்லை என்று இந்தக் கதைகள் நிரூபிப்பதும் இல்லை. முகம் தெரியாத வேளையில் மனிதன் எப்படி இருப்பான் என்றே அவை பார்க்கின்றன.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி நம் நாட்டில் மட்டும் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. அதன்பின் நானும் கரையோரங்களுக்குச் சென்றேன். 'என்ன பாவம் செய்தோம்' என்ற கேள்வியை நானும் கேட்டேன். அதைவிட வேதனையானது, அந்தக் கேள்விக்குச் சிலர் பதில் வைத்திருந்ததுதான். இன்ன தவறுக்கான தண்டனை இது என்று, பிள்ளையை இழந்த தாய்க்கே சொன்னவர்கள் இருந்தார்கள். நாஹும் கார்ட்னரும் தன்மீதே குற்றத்தைத் தேடினான். கதையை முழுவதும் படித்த நமக்கு மட்டும் தெரிகிறது, அவன் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பது. கல் எங்காவது விழ வேண்டியிருந்தது. அவனுடைய கிணற்றடியில் விழுந்தது.

சகோதரி, கடலுக்கு அடியில் பாறைத் தட்டு நகர்ந்தது. அதற்கு உங்கள் ஊரின் பெயர் தெரியாது. இது குளிர்ந்த உண்மை. இந்தக் கதைகள் இந்தக் குளிர்ச்சியைத்தான் அச்சம் என்று சொல்லித் தருகின்றன. ஆனால், தன் கையை விட்டு நழுவிய பிள்ளைக்காக இருபது வருடங்களாகத் தன்னையே தண்டித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு, 'இதில் உன் குற்றம் எதுவுமில்லை' என்று சொல்வதும் அதே உண்மைதான். அந்த அளவுக்கு அது ஆறுதல் தரக்கூடியது என்று நான் நம்புகிறேன்.

ஆனாலும், படித்தே ஆகவேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். மனம் இடங்கொடாவிட்டால் நூலை மூடி வையுங்கள். இடங்கொடுத்தால், 'த வில்லோஸ்' குறுநாவலிலிருந்து தொடங்குங்கள். பகலில் படியுங்கள். படித்தபின், அந்த இரு நண்பர்களும் கரைந்துகொண்டிருக்கும் தீவில் இரவிரவாக ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் அபிப்பிராயத்தை எழுதினால் இன்னோர் உரையில் அதைப் பகிர்ந்துகொள்வேன்.